கஜனி ஏற்றுக்கொண்ட குறை

தயாபரனுக்கும் கஜனிக்கும் 2011 ஆவணியில் கலியாணம் நடந்தது. கிளிநொச்சிப் பக்கத்து உருத்திரபுரத்தில் அப்போது பாதி வீடுகளுக்குச் சுவர் இல்லை. தயாபரன் வீட்டிலும் நான்கு பக்கமும் தகரம்தான். அகதி முகாமிலிருந்து திரும்பி ஒரு போகம் விதைத்து, அறுத்து, மறு போகத்துக்கு வயலை உழுதுகொண்டிருந்த நேரம் அது. மாப்பிள்ளைக்கு முப்பத்துமூன்று வயது, பெண்ணுக்கு இருபத்தெட்டு. சண்டை முடியட்டும் என்று இருந்ததில் இரண்டு பேருக்குமே வயது போய்விட்டிருந்தது.

தயாபரனின் தாய் இராசமலர் நான்கு பிள்ளைகளைப் பெற்றவர். மூத்தவள் கௌசலா. கலியாணம் முடித்து, அதே வாய்க்கால் கரையில் நாலு வீடு தள்ளி இருந்தாள். இரண்டாமவன் போராளியாக இயக்கத்துக்குப் போனவன், திரும்பவில்லை. கடைசி மகள் 2009 மாசியில் ஷெல் பட்டு இறந்தாள். பங்கருக்குப் பக்கத்திலேயே அவளைப் புதைத்துவிட்டு நடந்தார்கள். ஆண்பிள்ளை என்று மூன்றாவதாகப் பிறந்த தயாபரன் மட்டும் மிஞ்சினான். அவனுக்கு ஒரு பிள்ளை பிறந்துவிட்டால் போதும், பிறகு எப்போது கண்ணை மூடினாலும் சரி என்று இராசமலர் கலியாண வீட்டிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கஜனி பளைப் பெண். அங்கே முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். உருத்திரபுரத்துக்கு வந்து ஆறு மாதத்தில் இங்கும் அதே வேலையைத் தேடிக்கொண்டாள். காலையில் சைக்கிளில் போவாள். முன்னால் கூடைக்குள் களிமண்ணும் சிரட்டைகளும் கிடக்கும். வேகமாகக் கதைப்பாள், அதைவிட வேகமாகச் சிரிப்பாள். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போன வீடு என்றுதான் அயலில் பேச்சு. அது பொய்யும் இல்லை.

நான்கு வருடம் போனது. முதல் வருடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் கேட்டார்கள். மூன்றாம் வருடம் இராசமலர் கஜனியை வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடிக்கச் சொன்னார். நான்காம் வருடம் கஜனி யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக்குக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டாள். அவளில் ஒரு குறையும் இல்லை. அவரையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

தயாபரன் எட்டு மாதம் இழுத்தடித்தான். விதைப்பு என்றான், இரணைமடுத் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்றான், அரிவி வெட்டி அறுவடை முடியட்டும் என்றான். வயல்காரனுக்குச் சாட்டுச் சொல்ல வருடம் முழுக்க ஏதாவது ஒன்று இருக்கும். கஜனி வற்புறுத்தவில்லை. ஒரு நாள் அவனாகவே வெளிக்கிட்டான்.

அந்த டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், அவசரப்படாதவர். ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியை ஒரு சின்ன டிவியோடு இணைத்து வைத்திருந்தார்கள். இரண்டு பேரையும் அதற்கு முன்னால் இருத்திக் காட்டினார். சாம்பல் நிறத் திரை முழுக்கச் சிறிய தலைகளும் மெல்லிய வால்களுமாக விந்தணுக்கள் கிடந்தன. நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒன்றுகூட அசையவில்லை.

"எண்ணிக்கை போதியளவு இருக்கு, வடிவத்திலயும் பிழை இல்லை," என்றார் டொக்டர். "ஆனா ஒண்டும் நீந்தேல்லை."

செத்துப் போய்விட்டனவா என்று தயாபரன் கேட்டான். இல்லை என்றார். ஒரு சிவப்புச் சாயம் விட்டுப் பார்ப்பார்களாம். செத்தது சாயத்தை உள்ளே விடும், உயிரோடு இருப்பது விடாது. இவற்றில் பெரும்பாலானவை விடவில்லை. அப்படியென்றால் அவை உயிரோடுதான் இருக்கின்றன, நகரத்தான் பலம் இல்லை.

பிறகு அவர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். விந்தணுவின் தலைக்கும் வாலுக்கும் நடுவில் கழுத்துப் போல ஒரு துண்டு. அதைச் சுற்றிக் கம்பிச்சுருள் மாதிரி இழைமணிகள், அதாவது மைட்டோகொண்ட்ரியாக்கள், நெருக்கமாக அடுக்கியிருக்கும், ஒரு விந்தணுவில் ஐம்பது அறுபது என்று. உடம்பின் அநேகமாக எல்லாக் கலங்களிலும் இழைமணி உண்டு. உணவிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் சக்தியை எடுத்துக் கொடுப்பது அதுதான். விந்தணுவில் அந்தச் சக்தியின் பெரும் பங்கு வாலுக்குப் போகும். வால் அடிக்கிற அடியில்தான் அது முட்டை இருக்கும் இடம் வரைக்கும் போய்ச் சேரவேண்டும். அதன் உடம்புக்கு அது சரியான தூரம், சேமித்து வைத்துக்கொள்ள இடமும் இல்லை. இழைமணி சோர்ந்துவிட்டால் வால் நின்றுவிடும். உடம்பின் வேறு இடங்களில் அதே சோர்வு தெரியாமலே போய்விடலாம் என்றார்.

தயாபரன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் மூட்டை தூக்குகிறவன், தனக்கு ஒரு நோயும் வந்ததில்லை என்று சொல்ல அவனுக்கு வாய்வரை வந்தது.

அவனுடைய இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். இரண்டரை மாதத்தில் பதில் வந்தது. டொக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டு இருத்தி விளங்கப்படுத்தினார். இழைமணிக்கு அதற்கென்றே ஒரு சின்ன டி.என்.ஏ. உண்டு. அதில் ஒரு மாற்றம் கண்டிருக்கிறார்கள், காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். அந்த டி.என்.ஏ. தகப்பனிடமிருந்து வராது. தகப்பனின் இழைமணிகள் விந்தணுவோடு முட்டைக்குள் போனாலும் அங்கே அழிந்துவிடும். தாயின் இழைமணிதான் பிள்ளைக்கு. ஆகவே தயாபரனுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையிடம் இந்தக் குறை இருக்காது. தயாபரனுக்கு இது தாயிடமிருந்து வந்திருக்கிறது. தாய்க்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை, பெண்களில் இது இருப்பதே தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் ஆனையிறவு தாண்டியது. பிறகு தயாபரன், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லப் போகிறேன் என்றான்.

"என்னத்தைச் சொல்லுவீங்கள்?"

"என்னிலதான் பிழை எண்டு. நீர் ஏன் பேச்சு வாங்கவேணும்?"

கஜனி அவன் பக்கம் திரும்பினாள். "மாமி விடமாட்டா. ஏன் வந்தது, எங்கையிருந்து வந்தது எண்டு துருவித் துருவிக் கேப்பா. உங்களுக்குப் பொய் சொல்ல வராது. ரண்டு பிள்ளையைக் குடுத்திட்டு இருக்கிற மனிசி அது. மிஞ்சின உங்களுக்கும் தன்னாலதான் பிள்ளை இல்லை எண்டு அறிஞ்சா தாங்காது."

"அப்ப?"

"என்னைத்தானே சொல்லுறவை, சொல்லட்டும். எனக்கு உண்மை தெரியும், உங்களுக்கும் தெரியும். அது போதும்."

அவன் தாய்வழி என்ற பேச்சை எடுக்காமல், குறை தன்னில்தான் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அம்மா துருவிக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பிற்காலத்தில் இதை அவன் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தான். ஊரில் நாலு ஆம்பிளைகளுக்கு முன்னால் தலை குனிய வேண்டியிருக்கும் என்ற பயம் அவனுக்கு இருந்தது. கஜனி சொன்ன காரணம் அவனுக்கு வசதியாக இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வருடம் கொழும்பில் ஒரு முறை முயன்றார்கள். அசையாத விந்தணுவானாலும் உயிரோடு இருந்தால் ஒன்றை எடுத்து ஊசியால் முட்டைக்குள் செலுத்தலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கஜனிக்கு இருபத்துச் சொச்சம் ஊசிகள் போட்டார்கள். வயிறெல்லாம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு கருக்களை வைத்தார்கள், இரண்டும் தங்கவில்லை. மறுமுறைக்கு அவர்களிடம் வசதி இருக்கவில்லை. ஊரைப் பொறுத்தவரை, கஜனிக்குக் கொழும்பில் வைத்தியம் செய்தும் சரிவரவில்லை. அதோடு ஊர் தன் முடிவை எழுதி மூடிவிட்டது.

2017 இல் கௌசலாவின் மகள் யதுர்ஷிகா பூப்பெய்திப் பெரியபிள்ளையானாள். தாய்மாமன் தயாபரன். மாமன் தேங்காய் உடைக்க, மாமி பாலும் அறுகும் தலையில் வைத்து முதல் தண்ணீர் வார்க்கவேண்டும். யதுர்ஷிகா பின்னேரங்களில் கஜனியிடம்தான் பாடம் படித்தவள், அவளோடு நல்ல ஒட்டு. கஜனி அன்றைக்கென்று மாம்பழ நிறச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வெள்ளிச் செம்பை விளக்கி எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிணற்றடியில் பெண்கள் கூடிவிட்டார்கள். இராசமலர் கஜனியைக் கொஞ்சம் அப்பால் கூட்டிப் போனார். சத்தம் போடவில்லை, கடுமையாகவும் சொல்லவில்லை.

"பிள்ளை, நீ குசினியில சமையலைப் பார். அவள் சின்னப்பிள்ளை, நாளைக்கு வாழப் போறவள். ஆரும் ஒரு பிள்ளை பெத்தவள் தண்ணி வாக்கட்டும்."

கஜனி செம்பைக் கௌசலாவின் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். பக்கத்து வீட்டுப் பெண்ணொருத்தி தண்ணீர் வார்த்தாள். தயாபரன் தேங்காயை வைத்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நின்றான். தாய் சொன்னது அவனுக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது. அந்த இடத்தில், அந்த நேரத்தில், ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. உடையுங்கோ என்று யாரோ சொன்னார்கள். உடைத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் மன்னிப்புக் கேட்டான். கஜனி சேலையை மடித்துக்கொண்டே, "யதுவுக்குக் குளிர்ந்து நடுங்கினது, கண்டனீங்களோ? ஆராவது துவாயைக் குடுத்திருக்கலாம்," என்றாள். அந்தச் சேலையை அவள் மறுபடி கட்டவில்லை.

முன்பள்ளிக்கு மட்டும் போய்வந்தாள். கோயில் திருவிழா, கலியாணம், புதுவீடு குடிபூரல் எல்லாவற்றிலும் பின்வரிசையில் நிற்கப் பழகிக்கொண்டாள். அவளுடைய சிரிப்பு எப்போது குறைந்தது என்று தயாபரனால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் கவனித்தபோது அது குறைந்திருந்தது.

கௌசலாவின் மகன் கிருசாந்தனுக்கு 2020 தொடக்கத்தில் கலியாணம் பேசினார்கள். பெண் பிரஷாந்தினி, வவுனியாப் பக்கம், கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுநர் வேலை. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, வெளியே வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்த கஜனி தயாபரனைக் கூப்பிட்டு இருத்தினாள். கிருசாந்தன் கௌசலா அக்காவின் பிள்ளை, அக்கா மாமியின் பிள்ளை, அப்படியென்றால் அதே இழைமணிதானே அவனுக்கும் வந்திருக்கும் என்றாள். அது எல்லாரிலும் ஒரே அளவில் இருக்காது, அவனுக்குத் தெரியாமலே போகவும் கூடும் என்று டொக்டர் சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் அவனிடம் சொல்லிவைக்க வேண்டும் என்றாள்.

"நான் தாங்கினனான், சரி. அது நானா எடுத்தது. வரப்போற பொம்பிளைப்பிள்ளையை நாங்கள் கேளாமல் அதுக்குள்ள தள்ளக்கூடாது."

பார்ப்போம், கலியாணம் முடியட்டும் என்றான் தயாபரன். கலியாணம் முடிந்தது. கொரோனா வந்தது, பசளைத் தட்டுப்பாடு வந்தது. சொல்ல நாள் வரவில்லை.

2022 மார்கழியில் மழை விடாமல் பெய்தது. வயலுக்குள் முழங்கால் தண்ணீர். வரம்பு உடைந்த இடத்தில் மண்மூட்டை வைக்கக் கஜனியும் இரண்டு நாள் இறங்கி நின்றாள். ஒரு கிழமையில் காய்ச்சல் பிடித்தது. மழைக் காய்ச்சல்தானே என்று பனடோல் மாத்திரை போட்டார்கள். நான்காம் நாள் கெண்டைக்கால் நோவில் அவளால் எழும்ப முடியவில்லை, கண் மஞ்சளாகியிருந்தது. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏற்றினார்கள். எலிக்காய்ச்சல், சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். கடைசி நாள் நினைவு இல்லை. முப்பத்தொன்பது வயது.

செத்த வீட்டில் இராசமலர் உண்மையாகவே அழுதார். என்ர வீட்டு விளக்கே என்று ஒப்பாரி வைத்தார். அதே ஒப்பாரியில், ஒரு பிள்ளையைப் பெறாமல் போனியே என்றும் வைத்தார். தயாபரன் கொட்டிலில் ஆண்களோடு இருந்தபடி அதைக் கேட்டான். அப்போதும் வாய் திறக்கவில்லை. செத்த வீட்டில் எப்படி என்று நினைத்தான். முப்பத்தோராம் நாள் முடியட்டும் என்று நினைத்தான். ஆண்டுத் திவசமும் முடிந்தது.

2024 பங்குனியில் ஒரு பின்னேரம் அவன் கௌசலா வீட்டுக்குப் போயிருந்தான். இராசமலரும் அங்கே இருந்தார். பிரஷாந்தினி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். கலியாணமாகி நான்கு வருடம். அவள் கோப்பையை நீட்டும்போது இராசமலர் ஒரு பெருமூச்சு விட்டு, எங்கட வீட்டுக்கு வாறதெல்லாம் ஏன்தான் இப்படியே வாய்க்குதோ என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிரஷாந்தினி கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். குசினிக்குள் அவள் பாத்திரம் கழுவத் தொடங்கிய சத்தம் கேட்டது. கழுவ அங்கே பாத்திரம் ஒன்றும் இருந்திருக்காது.

தயாபரன் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து பழைய ஃபைலை எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தான். எல்லாரையும் கூப்பிட்டான். பிரஷாந்தினியையும் வந்து இருக்கச் சொன்னான். தொடக்கத்திலிருந்து சொன்னான். டொக்டர் கீறிய படத்தை அவனே மறுபடி கீறிக் காட்டினான். தன் விந்தணுக்கள் உயிரோடு இருந்தும் அசையாமல் கிடந்ததைச் சொன்னான். கஜனியில் ஒரு குறையும் இருந்ததில்லை என்றான். அது தாய்வழி வருகிறது என்ற இடத்துக்கு வந்தபோது ஒரு கணம் நின்றான். பிறகு அதையும் சொன்னான்.

கௌசலாதான் முதலில் எழும்பினாள்.

"நாலு வருசமா என்ர பிள்ளை இஞ்ச இருக்கிறான். ஒரு சொல்லுச் சொல்ல உனக்கு ஏலாமல் போச்சோ?" என்று கேட்டு அவனுடைய தோளில் அடித்தாள், இரண்டு தடவை. அவன் தடுக்கவில்லை. கிருசாந்தன் தாயைப் பிடித்து இருத்தினான். பிரஷாந்தினி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

இராசமலர் அசையாமல் கதிரையில் இருந்தார். "அப்ப எங்கட பரமலிங்கம்?" என்றார்.

பரமலிங்கம் அவருடைய கூடப்பிறந்த தம்பி, இறந்து பல வருடம். அவருக்கும் பிள்ளை இல்லை. அவருடைய மனைவியை 1981 இல், மலடி என்று, இராசமலரும் தாயும்தான் கூட்டிக்கொண்டுபோய்ப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். பரமலிங்கத்துக்கும் இதுவாக இருந்திருக்குமா என்று தயாபரனுக்குத் தெரியாது. இருக்கலாம் என்றான்.

"கஜனிக்கு இது தெரியுமோ?"

"தெரியும் அம்மா. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டு சொன்னதே அவாதான். நீங்கள் தாங்கமாட்டீங்களாம்."

இராசமலர் அன்று இரவு சாப்பிடவில்லை என்று பிறகு கௌசலா சொன்னாள்.

கிருசாந்தன் இரண்டு கிழமையில் பரிசோதனைக்குப் போனான். அவனுடையவற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு நீந்துகின்றன, மெதுவாக. உதவியோடு முயலலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கிளினிக்குக்குப் போய்வருகிறார்கள். கௌசலா இன்னும் தயாபரனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பிரஷாந்தினி மட்டும் ஒரு நாள் அவன் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தாள். கஜனி மாமி எப்படி இவ்வளவு காலம் சொல்லாமல் இருந்தா என்று கேட்டாள்.

அந்தச் சித்திரையில் இராசமலர் தன்னைப் பளைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். கஜனியின் தாய் அங்கே மகன் வீட்டில் இருந்தார். தென்னைகளுக்கு நடுவில் ஒரு சின்ன வீடு. இராசமலர் வாசலில் நின்றபடியே தொடங்கிவிட்டார், உள்ளே வந்து இருக்கச் சொன்னதும் அவருக்குக் கேட்கவில்லை. பிழை உங்கட பிள்ளையில இல்லை, என்ர வயித்தில இருந்து வந்தது, அவள் அறிஞ்சுகொண்டே வாய் திறக்கேல்லை என்று சொல்லி முடித்தார். மன்னிக்கச் சொல்லிக் கேட்க அவருக்கு நா எழவில்லை.

கஜனியின் தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் சொல்லேல்லையே," என்றார். "நானும் அவளைத்தானே ஏசினனான். ஒருநாள், நீ எங்களுக்குத் தலைகுனிவு எண்டு சொல்லிப்போட்டன். அதுக்கும் சிரிச்சுக்கொண்டு போனவள்."

பிறகு இரண்டு பேரும் உள்ளே போய் இருந்தார்கள். தயாபரன் முற்றத்தில் நின்றான். வெகுநேரம் கழித்துக் கஜனியின் தாய் தேத்தண்ணீர் வைக்க எழும்பினார். அவனுக்கும் ஒரு கோப்பை வெளியே வந்தது. மருமகனே என்று அவர் கூப்பிடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் இராசமலருக்கு யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. ஆனையிறவு உப்பு வெளி தாண்டியதும் அவர் கேட்டார்.

"தம்பி, அந்தச் சாமான் இப்பவும் என்னில இருக்கோ?"

"ஓம் அம்மா. எல்லா இடத்திலயும் இருக்கும். கை கால் அசையிறதே அதாலதான். உங்களுக்கு அது ஒண்டும் செய்யாது."

"எனக்கு ஒண்டும் செய்யேல்லைத்தான்," என்றார் இராசமலர். "எல்லாத்தையும் அவளுக்கெல்லோ செய்தது."

பரந்தன் சந்தியில் கொஞ்சப் பேர் இறங்கினார்கள். கிளிநொச்சியில் பஸ் நின்றதும் தயாபரன் கையைக் கொடுத்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.